யாழ்ப்பாணத்தில் சின்ன ஜீப்: முதலில் கறள், பிறகுதான் உயரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, ஏறிக் கடக்கப் பாறையும் இல்லை. நான்கு சில்லும் இழுக்கிற ஒரு சின்ன ஜீப்புக்கு இங்கே வேலை கொடுப்பவை வேறு. மணற்காடு, அம்பன், நாகர்கோவில் பக்கத்துத் தளர்ந்த மணல், தொண்டைமானாறும் உப்பாறும் விட்டுப்போகும் உவர்ச்சேறு, தீவகத்தின் உப்புக்காற்று, மாரியில் நிரம்பி வழியும் வயல் ஒழுங்கைகள். ஆனாலும் ஜீப் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது மலைநாட்டுக்குப் பொருந்துகிற மாற்றங்களைத்தான். வில்லுத்தகட்டை உயர்த்துவார்கள், பெரிய ரயர் போடுவார்கள், முன்னுக்கு இரும்புக்குழாய்ப் பம்பரும், புதைந்த வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் பூட்டுவார்கள். ஏற்கெனவே கறள் தின்றுகொண்டிருக்கும் செசியின்மேல் இன்னும் 100 கிலோ ஏறிவிடும். இங்கே காசு போகவேண்டிய வரிசை கறள், பிறேக், ஸ்ரியறிங், ரேடியேற்றர், ரயர் என்பதே. உயர்த்துவது கடைசி. பெரும்பாலான வண்டிகளுக்கு அது தேவைப்படாது.

எந்த வண்டி

சின்ன ஜீப் என்றால் இங்கே பெரும்பாலும் சுசுகிதான். 1981 இல் வந்த எஸ்.ஜே. 410 இன் என்ஜின் 970 சி.சி., கியர் நான்கு. அடுத்து வந்த எஸ்.ஜே. 413 இன் என்ஜின் 1324 சி.சி., கியர் ஐந்து. இந்தியாவில் 1985 இல் தொடங்கிய மாருதி ஜிப்சியும் இதே குடும்பம்தான், உடல் மட்டும் நீளம். குட்டை எஸ்.ஜே. 410 இல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2030 மி.மீ., ஜிப்சியில் 2375 மி.மீ. ஜிப்சிக்கு 1996 இல் 1298 சி.சி. என்ஜின் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் ஏணி போன்ற செசி, முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் வில்லுத்தகடு. கியர்பொக்ஸிலிருந்து பிரிந்து இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிரும் ட்ரான்ஸ்பர் பெட்டி ஒன்று தனியே இருக்கும். வெறும் வண்டி ஏறக்குறைய ஒரு தொன் நிறை, சிலது அதற்கும் குறைவு. மணலில் பெரிய ஜீப்புகள் புதையும் இடத்தில் இது மிதந்து போவதற்குக் காரணம் இந்த நிறைதான். இதில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோ இரும்பும் அந்தப் பலத்தைக் குறைக்கிறது.

1998 க்குப் பிந்திய ஜிம்னியில் வில்லுத்தகடு போய்ச் சுருள்வில் வந்தது. 2018 இல் வந்த புதிய ஜிம்னியின் என்ஜின் 1462 சி.சி. அவை வீதியில் சுகமானவை. பழைய ஜிம்னிகளில் முன் சில்லை அச்சோடு இணைக்கும் ஹப்பை வெற்றிட அழுத்தம்தான் பூட்டும். அந்த மெல்லிய குழாய்கள் வெடித்தால் நாலு சில்லு இழுவை பிடிக்காது. கையால் திருகும் ஹப்பை மாற்றிப் போடுவது உருப்படியான மாற்றம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய ஜீப்புகளின் விலை ஏறியது, பூச்சும் பூசி மறைப்பும் ஏறின. வாங்கும்போது பெயின்ற்றைப் பார்த்து மயங்கவேண்டாம். 1990 க்கு முன்பிருந்தே குடாநாட்டில் நின்ற வண்டி என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலைத் தொட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜினா? மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும், ரிங் தேயும். அழுத்தமானி வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து பார்க்கவேண்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் 14 பி.எஸ்.ஐ. ஐத் தாண்டினால் என்ஜின் வேலைக்கும் சேர்த்து விலை பேசுங்கள். உதிரிப்பாகம் பற்றிப் பயமில்லை. ஜிப்சி முப்பது வருடத்துக்கு மேல் உற்பத்தியானதால் இந்தியப் பாகங்கள் கிடைக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் யப்பான் பழைய பாகங்களும் கிடைக்கும்.

கறள்

இந்த ஜீப்பை முடிப்பது என்ஜின் அல்ல, கறள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத ஆடி மாதத்திலும் செசியின் உட்பக்கம் நனைந்தே கிடக்கும். பெட்டிவடிவச் செசிக்குள் பரவைக்கடல் சேறு புகுந்தால் அது காய்வதே இல்லை. வெளியில் பெயின்ற் பளபளக்கும், உள்ளிருந்து தகடு தாளாகும்.

பார்க்கவேண்டிய இடங்கள் தெரிந்தவைதான். முன் சில்லுக்குப் பின்னால் செசி வளையும் இடம், பின் வில்லுத்தகட்டின் அந்தத்தைச் செசியோடு தொடுக்கும் ஷக்கிள் தொங்கும் கொழுக்கி, உடலைத் தாங்கும் றபர்களின் அடித்தட்டு, சாரதியின் கால் படும் தளம், முன் கண்ணாடிச் சட்டத்தின் அடி, பற்றரித் தட்டு, பின் சில்லு வளைவுக்குப் பின்னாலுள்ள மூலை. பெற்றோல் தாங்கியின் மேற்பக்கத்தைப் பார்ப்பவர் குறைவு. அங்கே மண் தங்கி ஈரம் பிடித்துத்தான் தாங்கி ஓட்டையாகும். பிறேக் இரும்புக்குழாய்கள் செசியோடு கிளிப்பில் ஒட்டி நிற்கும் இடங்களைத் துடைத்துப் பார்க்கவேண்டும். குழாயின் தோல் பொருக்குப்போல எழும்பியிருந்தால் அந்த நீளம் முழுவதையும் மாற்றுங்கள், துண்டு போடவேண்டாம்.

சோதிக்க ஒரு சின்னச் சுத்தியலும் திருப்புளியும் போதும். நல்ல தகடு மணிபோலச் சத்தம் தரும், பழுதானது மொத்தையாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியை ஊன்றி அழுத்துங்கள். உடலில் காந்தம் ஒட்டாத இடம் பூசி நிரப்பிய இடம்.

திருத்தும்போது அதிகம் நடக்கும் பிழை, கறளுக்கு மேலேயே தகடு ஒட்டி வெல்டிங் பிடிப்பது. உள்ளே அடைபட்ட கறள் இரண்டு மாரியில் புதுத்தகட்டையும் சேர்த்துத் தின்னும். பழுதானதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்கவேண்டும். செசியின் தடிப்புக்குச் சமமான தகட்டால் அடைக்கவேண்டும். மேலே வலுத்தகடு வைப்பதென்றால் அதன் இரு அந்தத்தையும் சரிவாக வெட்டுங்கள். செசிக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் ஓடினால் அந்தக் கோட்டிலேயே அது பிறகு வெடிக்கும். வேலை தொடங்குமுன் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றாவிட்டால் ஓல்ரனேற்றர் டயோட்டுகள் எரியக்கூடும். செசி இலக்கம் பொறித்த இடத்தில் கிறைண்டர் படவே கூடாது. அந்த இலக்கம் தேய்ந்த வண்டியை விற்பதும் பதிவு மாற்றுவதும் பெரும் சிக்கல்.

வெல்டிங் ஆறியதும் கம்பித்தூரிகையால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிறைமர், அதன்மேல் பெயின்ற். பெட்டிக்குள் மெழுகுவகைக் கறள் தடுப்பான் அடிக்கவேண்டும். நீள வளைகுழாய் வைத்த துப்பாக்கியை வடிகால் துளைகளால் விட்டு அடித்தால் உள்ளே முழுதும் படும். பழைய என்ஜின் ஒயிலை அடியில் பூசுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது மணலை ஒட்டவைக்கும், வில்லுத்தகட்டுப் புஷ், பிறேக் ஹோஸ் எல்லா றபரையும் ஊதப்பண்ணும். வளவில் சொட்டுவதும் சின்ன விடயம் அல்ல. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் மேலே விழுந்தது நேரே கிணற்றுத் தண்ணீரில் இறங்குகிற பூமி இது. கழித்த ஒயிலைக் கானில் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

கழுவும் தண்ணீரும் முக்கியம். கரையோரக் கிணறுகள் பல சவர். சவர்த் தண்ணீரால் ஜீப் கழுவினால் உப்பைப் புதுப்பித்துக் கொடுத்ததாகத்தான் முடியும். நாக்கில் வைத்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று தெரிந்ததையே செசிக்குள் விடவேண்டும். ஊரில் அது கிடைக்காவிட்டால் கூரையில் சேர்த்த மழைநீர் நல்லது.

முன் அச்சும் நடுக்கமும்

மணிக்கு 60–70 கி.மீ. இல் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்ரியறிங் கையைப் பறிக்கிறமாதிரி இரு பக்கமும் அடித்தால், முதலில் ஸ்ரியறிங் டாம்பர் வாங்கிப் பூட்டுவதுதான் வழக்கம். டாம்பர் நடுக்கத்தை மூடி மறைக்கும், காரணம் உள்ளே வளரும். வரிசையாகப் பாருங்கள். சில்லுகளின் பலன்ஸ், சில்லுப் பியறிங் தளர்வு, இரு முன் சில்லையும் இணைக்கும் ரை றொட்டின் முனைகள், வில்லுத்தகட்டுப் புஷ், கடைசியாகக் கிங் பின் பியறிங்.

குற்றவாளி பெரும்பாலும் கிங் பின்தான். மேலும் கீழுமாக இரண்டு சிறு பியறிங்கில் முன் சில்லு திரும்புகிறது. அவற்றின் இறுக்கத்தைக் கிங் பின்னுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகட்டுத் துண்டுகள் தீர்மானிக்கின்றன. ஒயில் சீலைக் கழற்றிவிட்டு, ரை றொட் பூட்டும் துளையில் தொங்குதராசைக் கொளுவி இழுத்தால், சில்லைத் தாங்கித் திரும்பும் நக்கிள் அசையத் தொடங்கும் விசை 1 முதல் 1.8 கிலோவுக்குள் இருக்கவேண்டும். குறைந்தால் தகட்டுத் துண்டைக் குறைக்கவேண்டும், கூடினால் கூட்டவேண்டும். சில கராஜ்களில் பியறிங்கை மாற்றிவிட்டுப் பழைய துண்டுகளையே திருப்பிப் போடுவார்கள். அதனால்தான் புதுப் பியறிங் போட்ட பிறகும் நடுக்கம் நிற்பதில்லை.

இந்த நக்கிளின் உருண்டையைத் துடைத்துக்கொண்டே திரும்புகிற சீலும் கம்பளி வளையமும் குறைந்த விலைப் பொருள்கள். அவை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும், உப்புத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். சாம்பல் நிறக் குழம்பு வழிந்தால் அன்றே கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஜொயின்ற்றின் விலை சீலைப்போலப் பல மடங்கு.

ரயரும் காற்றும்

யாழ்ப்பாண மணலுக்கு வாங்கக்கூடிய மிகச் சிறந்த உபகரணம் ஒரு காற்றழுத்தமானியும் 12 வோல்ற்றில் வேலைசெய்யும் ஒரு காற்றுப் பம்பும். தார்வீதியில் 22–26 பி.எஸ்.ஐ. இருக்கும் ரயரை மணல் தொடங்கும் இடத்தில் 15 க்கு இறக்கினால் ரயர் தரையில் படும் பரப்பு நீளும், வண்டி மணலின்மேல் நிற்கும். போதாவிட்டால் 12. அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் ரயர் றிம்மைவிட்டுக் கழரும். ரியூப் போட்ட ரயரை 15 க்குக் கீழே இறக்கவேண்டாம். ரயர் றிம்மில் வழுக்கிச் சுற்றும்போது ரியூப்பும் சேர்ந்து சுற்றி வால்வைப் பிடுங்கிவிடும். காற்றுக் குறைந்த நிலையில் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம். தார் ஏறுமுன் மீண்டும் நிரப்பாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிப் பிரியும்.

சேற்று ரயரின் ஆழமான கட்டைகள் மணலைத் தோண்டும். இங்கே பாதி வீதி, பாதி மணல் என்பதால் எல்லாத் தரைக்குமான நடுத்தர வகைதான் சரி. அளவு 195/80 ஆர்15 என்றால் விட்டம் 693 மி.மீ. அதை 235/75 ஆர்15 ஆக்கினால் 733 மி.மீ. விட்டம் 40 மி.மீ. கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. மட்டுமே. பதிலுக்கு கியர் 5.8 சதவீதம் உயரமாகும். 970 சி.சி. என்ஜின் நாலாம் கியரில் எதிர்க்காற்றுக்குத் திணறும். வேகமானி 60 காட்டும்போது வண்டி 63 க்கு மேல் ஓடும். 1.3 லீற்றர் என்ஜினுக்கு இந்த அளவு தாங்கும். எஸ்.ஜே. 410 க்கு 215/75 ஆர்15 உடன் நிறுத்துவதே நல்லது. ஐந்து நட், 139.7 மி.மீ. வட்டம் என்பது எஸ்.ஜே. முதல் இன்றைய ஜிம்னி வரை ஒன்றே, ஆகவே றிம் தேடுவது சுலபம்.

மணலின் குணம் காலத்தோடு மாறும். மார்கழி, தையில் மழை நனைத்த மணல் இறுகி நிற்கும். சோளகம் வீசும் மாதங்களில் அதே இடம் மாப்போலத் தளர்ந்து கிடக்கும், காற்றோடு பறக்கும் பொடி எயர் பில்ரரை ஒரே நாளில் அடைக்கும். காலையில் போன தடத்தால் மத்தியானம் திரும்ப முடியாமல் போவதும் உண்டு.

இறங்குமுன் இரண்டு முன் ஹப்பையும் பூட்டு நிலைக்குத் திருகவேண்டும். ஒன்றை மறந்தால் லிவர் எங்கே இருந்தாலும் முன் சில்லுகள் இழுக்காது. ட்ரான்ஸ்பர் பெட்டியின் லோ கியரை வண்டி நின்ற பிறகே போடுங்கள். தார்வீதியில் நாலு சில்லு இழுவை வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வித்தியாச கியர் இல்லாததால் திருப்பத்தில் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும்.

சில்லு சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு சுற்றில் அச்சு மணலில் குந்தும். வந்த தடத்தாலேயே பின்னுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும். அசையாவிட்டால் சில்லுகளுக்கு முன்னாலும் அச்சின் நடு உருண்டைக்கு அடியிலும் மண்வெட்டியால் வழி வெட்டி, கிடுகை மடித்துச் செருகுங்கள். நான்கு பழைய கிடுகு பின்னால் கிடந்தால் பாரமும் இல்லை, செலவும் இல்லை. பனைமட்டையை வைக்கவேண்டாம், கருக்கு ரயரின் பக்கச்சுவரை அறுக்கும். ஜக்குக்கு அடியில் ஓர் அடிச் சதுரப் பலகை இல்லாவிட்டால் உயர்வது வண்டியல்ல, தாழ்வது ஜக். கயிற்றைப் பம்பரில் கட்டாமல் செசியில் போல்ட் பூட்டிய கொழுக்கியில் கட்டுங்கள். வின்ச்சுக்கு இங்கே வேலை குறைவு, மணல்மேட்டில் கட்ட மரமே இராது.

உயர்த்துவதென்றால்

ஆசை விடாதவர்களுக்குச் சில உண்மைகள். ஷக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் உயர்வது ஒரு அங்குலம். எஸ்.ஜே. இன் முன் ஷக்கிள் வில்லுத்தகட்டின் முன் அந்தத்தில் இருப்பதால், அதை நீட்டும்போது அச்சு முன்பக்கமாகக் கவிழும். ஸ்ரியறிங்கைத் தானாக நேரே கொண்டுவரும் சாய்வு அதனால் குறையும். வண்டி வீதியில் அலையும், நடுக்கமும் வரும். ஷக்கிளை விட்டுவிட்டு, தளர்ந்துபோன பழைய வில்லை மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும். பலர் உயர்த்தல் என்று நினைப்பது இதைத்தான்.

வில்லை அச்சுக்கு மேலே மாற்றி வைத்தால் ஏறக்குறைய 5 அங்குலம் கிடைக்கும். கூடவே ஸ்ரியறிங் கம்பியின் கோணம், பிறேக் ஹோஸின் நீளம், புறொப்பெல்லர் சாப்டின் வழுக்கு மூட்டு எல்லாம் மாறவேண்டும். வில் முறுகாமல் பிடிக்கத் தனிக் கம்பியும் வேண்டும். உயரம் கூடிய குட்டை வண்டி பண்ணைப் பாலத்துப் பக்கக்காற்றில் எப்படி நிற்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வில்லுத்தகட்டுக்கு 50 மி.மீ. தான் இங்கே எல்லை. அதற்குமேல் எந்தத் தேவையும் குடாநாட்டில் இல்லை.

என்ஜின் மாற்றம், எரிபொருள் மாற்றம், நிறம், உடல் அமைப்பு எதுவானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒத்திருக்கவேண்டும். பாரமான டீசல் என்ஜின் ஏற்றிய ஜீப்பை வாங்குபவர் என்ஜின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் காசு கொடுக்கவேண்டாம். விபத்தின்போது காப்புறுதியும் அங்கேதான் தடுக்கும்.

தண்ணீரும் ஒயிலும்

நமது கிணற்றுத் தண்ணீரின் கல்தன்மையைக் கேத்தில் அடியே காட்டும். அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கொதித்தால் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது பழைய வைத்தியம். அதனால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெற்றோல் குடிக்கும், தேயும், அடைப்பும் அப்படியே இருக்கும். ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, கலந்து வரும் கூலன்ற்றையோ காய்ச்சிவடித்த நீரில் கலந்த கூலன்ற்றையோ நிரப்புங்கள்.

எஸ்.ஜே. 413 இல் கியர்பொக்ஸுக்கு 1.3 லீற்றர், ட்ரான்ஸ்பர் பெட்டிக்கு 0.8, முன் அச்சுக்கு 2.0, பின் அச்சுக்கு 1.5 லீற்றர் ஒயில் பிடிக்கும். ஒயிலின் தரம் கியர்பொக்ஸுக்கு ஜி.எல்.-4, அச்சுகளுக்கு ஜி.எல்.-5. மாற்றி ஊற்றினால் கியர்பொக்ஸின் பித்தளை வளையங்கள் அரிபடக்கூடும். ஓடிச் சூடான அச்சு தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல்களாலும் மூச்சுத் துளையாலும் தண்ணீரை உறிஞ்சும். மூச்சுத் துளைக்கு ஒரு றபர் குழாய் பூட்டி என்ஜின் அறைவரை உயர்த்திக் கட்டுவது செலவு குறைந்த வேலை. இதைவிடப் பெறுமதியான மாற்றம் இந்த வண்டிக்கு இல்லை. ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறினால் தண்ணீர் போய்விட்டது, அன்றே மாற்றுங்கள்.

போகக்கூடாத இடங்கள்

கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று யுத்த முன்னரங்கு ஓடிய நிலத்தில் பாவனைத் தடத்தைவிட்டு ஒரு சில்லும் இறங்கக்கூடாது. கண்ணிவெடிக்கான சிவப்பு எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் ஊரவரைக் கேளுங்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் நுழையமுடியாது. மணல்மேடுகளில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த இடத்தில் ஏற்றவேண்டாம். அவற்றின் வேர்தான் மணலைப் பிடித்து ஊரைக் காக்கிறது. ஒருமுறை அறுந்த தடத்தால் அடுத்த சோளகத்தில் மணல் வீட்டுப்பக்கம் நகரும். காய்ந்த பரவைக்கடல் மேலே வெண்பொருக்காக இறுகித் தெரிந்தாலும் அடியில் கருஞ்சேறு இருக்கும். நடந்து பார்த்துக் குதி புதைந்தால் ஜீப்பும் புதையும்.

வீடு திரும்பியதும்

கழுவுவதை அடுத்த நாளுக்குத் தள்ளவேண்டாம். ஹோஸை முதலில் செசித் துளைகளுக்குள் விட்டுத் தெளிந்த நீர் வடியும்வரை ஓடவிடுங்கள். பிறகு வில்லுத்தகடுகளின் இடுக்கு, தாங்கியின் மேற்பக்கம், ரேடியேற்றரின் முன்முகம். பின் பிறேக் டிரம்முக்குள் சேறு போயிருந்தால் சில்லோடு டிரம்மையும் கழற்றிக் கழுவாவிட்டால் பிறேக் சப்பாத்துகள் ஒரு மாதத்தில் தேயும். யூனிவர்சல் ஜொயின்ற்களுக்கு, பழைய கிறீஸ் தண்ணீரோடு வெளியே தள்ளப்படும்வரை கிறீஸ் அடிக்கவேண்டும். பற்றரி முனையிலும் செசிக்கு வரும் ஏர்த் வயரிலும் பச்சை பிடித்திருந்தால் சுரண்டி வாசலின் பூசுங்கள். கழுவி முடிந்ததும் ஒழுங்கையில் ஒரு கிலோமீற்றர் ஓட்டி, பிறேக்கை நாலைந்து தரம் மெல்ல மிதித்து டிரம்மைச் சூடாக்கிக் காயவிடுங்கள். அன்றிரவு கைப்பிறேக்கை இழுக்காமல் முதலாம் கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் அணை கொடுங்கள். ஈரமான சப்பாத்து விடிவதற்குள் டிரம்மோடு கறள் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.